கைப்பிரேக் போட்ட ஜீப் நகர்ந்த காலை

மூன்று வருடம் இருக்கும். தை மாதம். சிதறால் மலை தெரிகிற எங்கள் வீட்டு முற்றத்தில், விடிந்தும் விடியாத ஒரு காலையில் நடந்தது இது. இன்றும் எங்கள் பக்கத்தில் யாராவது ஜாக்கியைக் கையில் எடுத்தால் இந்தக் கதை ஒருமுறை ஓடிவிடும். மற்றவர்கள் சொல்லத் தொடங்கினால் நான் அடுக்களைக்குள் போய்விடுவேன். எழுதுவதென்றால் யாரும் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. அதனால் நானே சொல்கிறேன்.

நான் ஆட்கள் முன்னால் பேசக் கூச்சப்படுகிறவள். பத்தாம் வகுப்போடு நின்றாயிற்று. வயது ஐம்பதை நெருங்குகிறது. பஸ்ஸில் போனால், இறங்கும் இடம் வரும்போது "ஆள் எறங்கணும்" என்று சத்தம் போட நாக்கு வராது. வேறு யாராவது இறங்குகிற அடுத்த நிறுத்தம் வரை போய், அங்கே இறங்கித் திரும்பி நடந்து வந்த நாட்கள் நிறைய உண்டு. வீட்டுக்கு ஆள் வந்தால் மகள்தான் பேசுவாள். அவள் படிப்புக்காக நாகர்கோவில் ஹாஸ்டலுக்குப் போன பிறகு என் வீட்டுக்காரர். இரண்டு பேரும் இல்லாவிட்டால் நான் உள்ளே இருந்தபடியே "வீட்டில ஆளில்லை" என்று சொல்லிவிடுவேன். அப்படியானால் சொல்வது யார் என்று கேட்காமல் போனது வந்தவர்களின் நல்ல மனசு.

எங்களுக்குத் தேன்பெட்டிதான் பிழைப்பு. ரப்பர் மரம் இலை உதிர்த்துத் தளிர் விடுகிற சமயத்தில் அந்த இளம் இலையின் காம்பில் தேன் சுரக்கும். பூவில் இல்லை, இலைக்காம்பில்தான். அந்தக் கொஞ்ச நாளைத் தவறவிட்டால் வருடமே போச்சு. அதனால் தை பிறந்ததும், அங்கங்கே தென்னந்தோப்புகளில் வைத்திருக்கிற பெட்டிகளையெல்லாம் சேர்த்து மலையடிவாரத்து ரப்பர் தோட்டத்துக்குக் கொண்டுபோவோம். தோட்டத்துக்குப் போகிற வழியில் உருண்டைக் கல்லும் ஓடைத் தண்ணீரும்தான் ரோடு. அதற்காகவே ஒரு பழைய ஜீப் வைத்திருக்கிறோம். தேவைப்பட்டால் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி.

அந்த வண்டிக்கு டயர் பஞ்சராவதும் பிரேக் இறுகுவதும் புதிதல்ல. பெரும்பாலும் முற்றத்திலேயே வீட்டுக்காரர் ஜாக்கி வைத்துத் தூக்கி வேலையை முடித்துவிடுவார். எடுத்துக் கொடுக்கிற ஆள் நான். முதலில் கல். பிறகு அயினி மரப் பலகை. பிறகு ஜாக்கி. அப்புறம் ஸ்டெப்னி சக்கரம். கல் என்றால் கிணறு தோண்டியபோது வந்த கருங்கல்லில் அவர் பொறுக்கி வைத்த துண்டுகள். ஒரு பக்கம் சரிவாக, ஆப்பு மாதிரி இருக்கும். வேலை முடிந்ததும் செம்பருத்திச் செடியின் மூட்டில் கொண்டு வைப்பேன். எந்த வரிசையில் கேட்பார் என்று கைக்குத் தெரியும். கேட்கும் முன்பே பக்கத்தில் வைத்துவிடுவேன். ஏன் அந்த வரிசை என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் இரண்டு பேருக்குமே பேச்சுக் குறைவு.

அந்த வருடம் வீட்டுக்காரரின் தம்பி வளைகுடாவில் இருந்து லீவில் வந்திருந்தான். எனக்குக் கொழுந்தன், அவனுக்கு நான் மைனி. நான் கல்யாணமாகி வந்தபோது அரைக்கால் சட்டை போட்டுப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவன். இப்போது அங்கே ஒரு கம்பெனிக்குப் பெரிய வண்டி ஓட்டுகிறான். நல்ல பையன், வாய்தான் கொஞ்சம் நீளம். இந்தத் தடவை ஜீப்பைத் தானே ஓட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னான். வீட்டுக்காரர் விடிவதற்கு முன்பே, பெட்டி வைக்கிற கால்களைத் தோட்டத்தில் நட்டு வைக்க, பைக்கில் போய்விட்டார். அங்கே போய்விட்டால் போனில் பிடிக்க முடியாது. மலை மறைத்துவிடும்.

முந்தின நாள் சாயங்காலம், தேனீக்கள் எல்லாம் பெட்டிக்குள் அடைந்த பிறகு, பெட்டி வாசல்களைக் கம்பி வலைத் துண்டு வைத்து மூடி, ஜீப்பில் அடுக்கிக் கயிறு போட்டு இறுக்கியிருந்தோம். இதில் ஒரு விஷயம் இருக்கிறது. மூடிய பெட்டியில் வெயில் ஏறக் கூடாது. உள்ளே வெக்கை கூடினால் மெழுகு இளகி அடை இற்று விழும். ஈ மொத்தமும் அந்தத் தேனிலேயே முங்கிச் செத்துப்போகும். வெயில் ஏறும் முன் தோட்டத்து நிழலில் இறக்கி வாசலைத் திறந்தாக வேண்டும். எங்கள் முற்றத்திலேயே திறந்துவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் அங்கன்வாடி. அடைத்து வைத்த கோபத்தில் வெளியே வருகிற ஈ யாரைக் கொட்டும் என்று சொல்ல முடியாது.

கொழுந்தன் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தான். பின்பக்கம் இடது சக்கரம் தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. ராத்திரியோடு காற்று மொத்தமும் போயிருக்கிறது. நான் பெட்டிகளைப் பார்த்தேன். அவன் சிரித்தான்.

"இதுக்கா முகம் இப்படிப் போவுது? நான் பாலைவனத்துல மணல்ல பொதைஞ்ச வண்டிய ஒத்தைக்குத் தூக்குன ஆளு மைனி. நீங்க ஒரு கட்டஞ்சாயா போடுங்க. அது ஆறதுக்கு முன்ன முடிஞ்சிரும்."

நான் சாயா போடப் போகவில்லை. கை பழக்கத்தில் செம்பருத்தி மூட்டுக்குப் போய் கல்லைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றேன். எங்கள் முற்றம் வாசலைப் பார்த்துச் சரிவு. இந்தப் பக்கத்து வீடுகள் எல்லாம் அப்படித்தான், ஏற்றத்தில் ஒன்று, இறக்கத்தில் ஒன்று. ஜீப்பும் வாசலைப் பார்த்தபடி இறக்கத்தில்தான் நின்றது. கொழுந்தன் என் கையில் இருந்த கல்லைப் பார்த்தான்.

"கல்லெல்லாம் மாட்டுவண்டிக் காலம் மைனி. ஹேண்ட்பிரேக் போட்டிருக்கு, கியர்ல கெடக்கு. யானை வந்து முட்டுனாலும் நவுராது, கேட்டியளா?"

நான் "இல்லை, உனக்க அண்ணன் எப்பவும்..." என்று தொடங்கினேன். பாதி தொண்டையிலேயே நின்றுவிட்டது. அவன் அதற்குள் ஜாக்கியை உருட்டிக்கொண்டு போய்விட்டான். போனில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் போனிலேயே டார்ச்சைப் போட்டு, அதைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் வைத்துக்கொண்டான்.

ஜாக்கியை ஜீப்பின் சட்டத்துக்கு அடியில் கொடுத்து ஏற்றினான். எங்கள் வண்டி உயரம். அடியில் சட்டத்தையும் சக்கரத்தையும் இணைக்கிற பட்டை வில் பெரிது. சட்டம் எவ்வளவு ஏறினாலும் சக்கரம் கீழேயே தொங்கிக்கொண்டிருக்கும். ஜாக்கி முழுதும் நீண்டும் சக்கரம் தரையை விடவில்லை. வீட்டுக்காரர் சட்டத்தில் கொடுக்க மாட்டார். இரண்டு சக்கரத்தையும் சேர்க்கிற ஆக்சிலுக்கு அடியில், சக்கரத்தை ஒட்டித்தான் கொடுப்பார். இதுவும் எனக்குத் தெரியும். சொல்ல வேண்டும். வாய் வரவில்லை.

கொழுந்தன் ஜாக்கியை இறக்கிவிட்டு அங்குமிங்கும் பார்த்தான். மிக்ஸி வந்த பிறகு கிணற்றடியில் சும்மா கிடக்கிற எங்கள் அம்மிக்கல் கண்ணில் பட்டது. அதை உருட்டி வந்து ஜாக்கிக்கு அடியில் வைத்தான். பல வருடம் அரைத்து அரைத்து வழுவழு என்று இருக்கிற கல். அதன்மேல் ஜாக்கி. அதன்மேல் பெட்டிகள் ஏற்றிய ஜீப்.

அந்த நேரம் மீன்காரக்கா ஸ்கூட்டரில் வந்து நின்றாள். கடற்கரையில் இருந்து காலையிலேயே மீன் எடுத்துக்கொண்டு எங்கள் பகுதிக்கு வருகிறவள். குரல் என்றால் அது குரல். "மீனேய்" என்று ஒரு சத்தம் கொடுத்தால் இரண்டு தென்னைவிளைக்கு அப்பால் கிணற்றில் தண்ணீர் எடுக்கிறவளுக்குக் கேட்கும்.

"என்ன பிள்ளே, காலங்காத்தால கல்லைக் கட்டிப் புடிச்சிட்டு நிக்கியா? கோயிலுக்கு நேர்ச்சையா?"

நான் கிட்டே போய்க் காதோடு சொன்னேன். "அக்கா, சக்கரத்துக்குக் கல்லு வைக்காம தூக்குதான். நீங்க கொஞ்சம் சொல்லுங்களேன்."

"ஏன், உனக்குத் தொண்டையில முள்ளா மாட்டியிருக்கு? உனக்க வீடு, உனக்க வண்டி, உனக்க கொழுந்தன். நீ சொல்லு" என்றாள். அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள்.

அவன் ஜாக்கியை அடிக்க அடிக்க ஜீப்பின் பின்பக்கம் ஏறியது. இந்தத் தடவை சக்கரம் தரையை விட்டது. அவன் "பாத்தியளா!" என்று எங்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குப்புறப் படுத்தான். ஜாக்கி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கத் தலையை உள்ளே விட்டு, ஒரு கையைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்து நீட்டினான்.

அப்போதுதான் எனக்கு அந்தச் சத்தம் கேட்டது.

தேன்பெட்டியோடு இருக்கிறவர்களுக்கு இது தெரியும். அடைத்த பெட்டிக்குள் ஈக்கள் எப்போதும் ஒரே மாதிரி முனகிக்கொண்டிருக்கும். பெட்டி லேசாக அசைந்தால்கூட அந்த முனகல் ஒரேயடியாக "ஸ்ஸ்" என்று எழும்பி அடங்கும். யாரும் வண்டியைத் தொடவில்லை. காற்றும் இல்லை. ஆனால் எல்லாப் பெட்டியிலும் சேர்ந்தாற்போல் சத்தம் எழும்பியது. அடங்கவில்லை. இன்னும் எழும்பியது. நான் முன்சக்கரத்தைப் பார்த்தேன். ராத்திரிப் பனியில் நனைந்த மண்ணில் டயர் பதிந்திருந்த தடம் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு விரல் அகலத்துக்குப் புதிதாகத் தெரிந்தது.

கைப்பிரேக் போட்ட, கியரில் கிடக்கிற ஜீப் நகர்கிறது.

"ஏலே! வெளிய வாலே! கைய எடுலே!"

இப்படிக் கத்தியது யார் என்று நானே திரும்பிப் பார்த்திருப்பேன். அதற்கு நேரம் இல்லை. அவனை நான் எப்போதும் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவேன். 'லே' போட்டு அவனை அன்று வரை கூப்பிட்டதில்லை, யாரையுமே கூப்பிட்டதில்லை. அந்த அதிர்ச்சியில்தானோ என்னவோ, ஏன் எதற்கு என்று கேட்காமல், தேள் கொட்டியவன் மாதிரி அவன் பின்னால் உருண்டான்.

அவன் உருண்டு முடிக்கவும், அம்மியில் ஜாக்கி வழுக்கவும் சரியாக இருந்தது. ஜாக்கி தெறித்துப் போய் மதிலில் அடித்தது. ஜீப் டமார் என்று இறங்கி ஒரு முழம் முன்னால் போய், பிறகு எதுவுமே நடக்காதது போல நின்றது. பாட்டு நின்றுவிட்டது. அவன் கை இருந்த இடத்தில் இப்போது சக்கரம் உட்கார்ந்திருந்தது. அதற்கு அடியில் அவனுடைய போன்.

கொழுந்தன் தரையில் உட்கார்ந்தபடியே வலது கை விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தான். பிறகு சின்னப் பிள்ளை மாதிரி "மைனி, எனக்க போனு" என்றான்.

மீன்காரக்கா ஸ்கூட்டரில் இருந்து இறங்கி வந்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அம்மாடியோ! இந்தச் சத்தத்த இத்தன நாளா எங்கட்டி ஒளிச்சு வச்சிருந்த?"

என் கண் பெட்டிகளின் மேல்தான் போனது. கயிறு தாங்கியிருந்தது, பெட்டி எதுவும் சரியவில்லை. தெற்குப் பக்கத் தென்னைகளின் தலையில் வெயில் விழுந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் முற்றத்துக்கு வந்துவிடும்.

கொழுந்தன் என் போனை வாங்கி ஒர்க்‌ஷாப்புக்காரரைக் கூப்பிட்டான். அவர் அஞ்சுகிராமத்தில் சொந்தக்காரர் கட்டிய புதுவீட்டுப் பால்காய்ப்புக்குப் போயிருந்தார். மத்தியானம் கழிந்துதான் வர முடியுமாம். மத்தியானம் என்றால், நிழலில் வைத்தாலும், மூடிய பெட்டிக்குள் ஒன்றும் மிஞ்சாது. கொழுந்தன், "அண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்" என்று தலையில் கை வைத்துக்கொண்டான். ஜாக்கி பக்கமே திரும்ப மாட்டேன் என்றான்.

நான் கல்லைப் பார்த்தேன். அது இன்னும் என் கையில்தான் இருந்தது.

"தம்பி, நான் மாத்துதேன். நீ எடுத்துக் குடு" என்றேன்.

"நீங்களா?"

"நான் சொல்லுத மாதிரி மட்டும் செய். அவசரப்படாத."

அவசரம் இருந்தது எனக்குத்தான். ஆனால் தேனீயிடம் வேலை செய்கிறவளுக்கு ஒன்று பழகிப்போயிருக்கும். எவ்வளவு அவசரம் இருக்கிறதோ அவ்வளவு மெதுவாகக் கை போக வேண்டும். படக்கென்று எடுத்தால் கொட்டும். அன்றைக்கு அந்த ஜீப்பை நான் ஒரு பெரிய தேன்பெட்டியாக நினைத்துக்கொண்டேன்.

முதலில் பாரம் இறங்க வேண்டும். கொழுந்தனும் நானுமாக ஒவ்வொரு பெட்டியாக இறக்கி, சாயாமல் கொண்டுபோய்ப் பலா மரத்து நிழலில் வைத்தோம். மீன்காரக்கா உதவிக்கு வந்தாள். "அக்கா, மீன் வாடைக்கு ஈ கோவப்படும், நீங்க அங்கனயே நில்லுங்க" என்றேன். "பாத்தியா, ஒரு தடவ வாய் திறந்ததும் என்னையே வெரட்டுதா" என்று சொல்லிக்கொண்டு மதிலோரமாகப் போய் நின்றுகொண்டாள். போகவில்லை. அன்றைக்கு மீன் கெட்டாலும் பரவாயில்லை என்று நினைத்திருப்பாள்.

அடுத்து இடம். சரிவில் வைத்துத் தூக்கக் கூடாது. வீட்டுக்குப் பக்கவாட்டில் நல்லமிளகு காயப்போடுகிற சிமெண்டுக் களம் இருக்கிறது, சமதளம். காற்றில்லாத சக்கரத்தோடு கொழுந்தனை மெல்ல ஊர்ந்து அங்கே கொண்டுவரச் சொன்னேன். நான் முன்னால் நின்று "வா, வா, ஸ்டீயரிங்க கொஞ்சம் ஒடி, போதும்" என்று கை காட்டினேன். வீட்டுக்காரருக்கு நான் ஒருநாளும் இப்படிச் சொன்னதில்லை.

கல்லை நானே வைத்தேன். தரையில் நிற்கப்போகிற முன்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னாலும் பின்னாலும், டயரோடு ஒட்டி, காலால் மிதித்து இறுக்கினேன். நாலு சக்கரத்தையும் சேர்க்கிற லிவரைப் போடச் சொன்னேன். போட்டுவிட்டுக் கொழுந்தனைக் கீழே இறங்க வைத்தேன். தூக்கும்போது வண்டியில் ஆள் இருக்கக் கூடாது.

தூக்குவதற்கு முன்பே சக்கரத்து நட்டுகளை இளக்கிவிட வேண்டும். தூக்கின பிறகு ஸ்பானரைப் போட்டு இழுத்தால் வண்டி ஆடும். அதில்தான் மாட்டிக்கொண்டேன். ஒரு நட்டு அசையவே இல்லை. கொழுந்தன் வந்து இழுத்தும் அசையவில்லை. வெயில் களத்தின் ஓரத்தைத் தொட்டுவிட்டது. பலா மரத்தடியில் இருந்து இரைச்சல் கூடிக்கொண்டே வந்தது. நான் ஸ்பானரைக் கிடையாக மாட்டினேன், சேலையை இடுப்பில் செருகினேன், ஜீப்பைப் பிடித்துக்கொண்டு அந்தப் பிடியின் நுனியில் ஏறி நின்றேன். நான் கொஞ்சம் கனத்த உடம்புக்காரி. கல்யாண வீடுகளில் ஓரமாக ஒதுங்கி நிற்பதற்கு அந்த உடம்பும் ஒரு காரணம். 'கிர்ரக்' என்று ஒரு சத்தம். நட்டு இளகிவிட்டது. மதிலோரத்தில் இருந்து கைதட்டல் கேட்டது. திரும்பிப் பார்த்தால் மீன்காரக்காவோடு பக்கத்து வீட்டுக்காரர்களும் அங்கன்வாடி டீச்சரும் நின்றுகொண்டிருந்தார்கள். மற்ற நாளாக இருந்தால் அப்படியே வீட்டுக்குள் ஓடியிருப்பேன். அன்றைக்கு வேலை இருந்தது.

களத்தின்மேல் அயினிப் பலகை. பலகையின் நடுவில் ஜாக்கி. அதன் தலை ஆக்சிலுக்கு அடியில் நேராக. கொஞ்சம் ஏற்றினேன், பாரம் பிடித்ததும் நிறுத்திச் சுற்றிப் பார்த்தேன். ஜாக்கி சாயவில்லை. கல் அசையவில்லை. இன்னும் ஏற்றினேன். சக்கரம் தரையை விட்டது. நல்ல சக்கரத்தை அப்படியே படுக்க வைத்து வண்டிச் சட்டத்துக்கு அடியில் தள்ளினேன். ஜாக்கி சதி செய்தாலும் வண்டி அந்தச் சக்கரத்தின் மேல்தான் உட்காரும், ஆள்மேல் உட்காராது. கொழுந்தன் குனிந்து பார்க்க வந்தான். "தலைய உள்ள விடாத" என்றேன். விருட்டென்று நிமிர்ந்துகொண்டான்.

பஞ்சர் சக்கரத்தைக் கழற்றி, அதை உள்ளே தள்ளி, உள்ளே கிடந்த நல்லதை வெளியே எடுத்து மாட்டினேன். இரண்டும் ஒரே சமயம் வெளியே இருக்கக் கூடாது. வீட்டுக்காரர் அப்படித்தான் செய்வார். நட்டுகளை ஒன்று விட்டு எதிரில் ஒன்றாகக் கையால் முறுக்கினேன். உள்ளே கிடந்ததை எடுத்துவிட்டு ஜாக்கியை மெல்ல இறக்கினேன். சக்கரம் தரையில் பதிந்ததும் மறுபடி ஸ்பானர், மறுபடி அதே வரிசை, இந்தத் தடவை முழு பலத்தோடு. கடைசி நட்டை இறுக்கிவிட்டு நிமிர்ந்தபோது என் கை இரண்டும் கருப்பு, நெற்றியெல்லாம் கிரீஸ்.

"மைனி, எங்க கம்பெனியில மெக்கானிக்குக்கு ஆளு எடுக்காவ. விசா அனுப்பட்டா?" என்றான் கொழுந்தன். அவனுக்கு வாய் திரும்பி வந்ததைக் கேட்டுத்தான் எனக்கு உயிர் வந்தது.

பெட்டிகளை மறுபடி ஏற்றிக் கயிறு கட்டிக் கிளம்பினோம். ஜீப்பின் முன்சீட்டில் நான் உட்கார்ந்து தோட்டத்துக்குப் போனது அன்றுதான். ஓடையைத் தாண்டும்போது பின்னால் பெட்டிகளின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தேன். வெக்கையில் தவிக்கிற சத்தம்தான்; ஆனால் எல்லாப் பெட்டியிலும் இருந்தது.

வீட்டுக்காரர் தோட்டத்து வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் வந்து கயிற்றை அவிழ்த்தார். மூன்று பேருமாகப் பெட்டிகளை நிழலில் இறக்கி வைத்தோம். ஒவ்வொரு வாசலாக அவர் வலையை எடுத்தார். முதல் பெட்டியில் கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு ஈ வந்து வாசலில் நின்று சிறகை உதறியது. பின்னால் இன்னொன்று. அப்புறம் கொத்தாக வெளியே வந்து, தளிர் விட்ட ரப்பர் மரங்களுக்கு மேலே எழும்பின. கடைசிப் பெட்டி வரை அப்படித்தான். ஒரு கூடுகூடச் சாகவில்லை.

அதற்குப் பிறகுதான் அவர் என் கையைப் பார்த்தார். பிறகு ஜீப்பைப் பார்த்தார். "யாரு மாத்துனா?"

கொழுந்தன் என் பக்கம் விரலை நீட்டினான். நடந்ததை எல்லாம் அவனே சொன்னான், அம்மிக்கல்லை மறைக்காமல். வீட்டுக்காரர் தம்பியின் கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டவில்லை. அன்றைக்குத்தான் அவர் அந்த விஷயத்தை விளக்கினார். தம்பி ஓட்டுகிற புது வண்டிகளில் கைப்பிரேக் சக்கரத்தையே பிடிக்குமாம். எங்கள் பழைய ஜீப்பில் அது எஞ்சினில் இருந்து பின்னால் போகிற தண்டைத்தான் பிடிக்கும். பின்சக்கரம் இரண்டும் தரையில் இருந்தால் வண்டி நிற்கும். ஒன்றைத் தூக்கிவிட்டால், அது ஒரு திசையிலும் தரையில் இருப்பது மறுதிசையிலும் தாராளமாகச் சுற்றும். தண்டு சும்மா நிற்கும், வண்டி போகும். கியர் போட்டாலும் அதே கதைதான். "அதுக்குத்தான் கல்லு" என்றார். இதை என்னிடம் முன்பே சொல்லியிருக்கலாமே என்று நான் நினைத்தேன். நினைத்ததோடு விடவில்லை, சொன்னேன். அவர் சிரித்தார்.

பிறகு ஸ்பானரை எடுத்துக்கொண்டு போய், நான் மாட்டிய சக்கரத்தின் நட்டுகளை ஒவ்வொன்றாக இறுக்கிப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. ஸ்பானரைத் துடைத்து வைத்துவிட்டு, "கொள்ளாம்" என்றார். எங்கள் ஊரில் நன்றாக இருக்கிறது என்று சொல்ல அந்த ஒரு வார்த்தைதான். அவர் வாயில் இருந்து அது எளிதில் வராது. அன்று தோட்டத்தில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கு சாப்பிட்ட ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

நான் திரும்பி வருவதற்குள் மீன்காரக்கா மீனோடு சேர்த்துக் கதையையும் விற்று முடித்திருந்தாள். வழியெல்லாம் பெண்கள் மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "ஏட்டி, ஒரு சத்தம் போட்டுக் காட்டு கேப்போம்" என்று கேலி செய்தார்கள். முகம் சிவந்தாலும் எனக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. அம்மிக்கல்லைக் கொழுந்தனே கிணற்றடிக்குக் கொண்டு போனான். அடுத்த லீவுக்கு வந்தபோது எனக்கு என்ன கொண்டுவந்தான் தெரியுமா? சக்கரத்துக்கு வைக்கிற ரப்பர் ஆப்பு, மஞ்சள் நிறத்தில். "கல்லு மாட்டுவண்டிக் காலம் மைனி" என்று சொல்லியேதான் கொடுத்தான்.

கூச்சம் எனக்கு இன்னும் போகவில்லை. கல்யாண வீட்டில் இன்றும் ஓரமாகத்தான் நிற்கிறேன். ஆனால் போன மழைக்காலத்தில் ஒருநாள், மகளைப் பார்த்துவிட்டு நாகர்கோவிலில் இருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். குழித்துறைக்கு முன்னால் ஒரு இறக்கத்தில், ரோட்டோரமாக ஒரு ஜீப் ஜாக்கியில் நின்றது. அடியில் இருந்து யாருடைய கால்களோ நீட்டிக்கொண்டிருந்தன. சக்கரங்களைப் பார்த்தேன். கல் இல்லை.

"ஆள் எறங்கணும்!" என்று கத்தினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கண்டக்டர், "இங்க ஸ்டாப் இல்லையே அக்கா" என்றார். "எனக்கு இங்கதான் எறங்கணும்" என்றேன்.

முன்பின் தெரியாத அந்த ஆள் வெளியே வந்து, நான் பொறுக்கிக் கொடுத்த கல்லைச் சக்கரத்துக்கு வைக்கிற வரை நின்றுவிட்டு, அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். என் சொந்த நிறுத்தத்துக்குக்கூடத் திறக்காத வாய் இன்னொருத்தர் உயிருக்காகத் திறந்துகொள்கிறது என்றால், என் குரல் எனக்குள் எப்போதும் இருந்திருக்கிறது; அன்று முற்றத்தில் அந்த ஜீப் ஒரு விரல் அகலம் நகர்ந்துதான் அதை வெளியே கொண்டுவந்தது.